டிரைவர் இல்லாத வண்டியின் டிரைவர்

அவரோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வர முடியாது. தென்னூரில் ஒரு மண்டபம். எங்கள் இருவருக்கும் தெரிந்த நண்பரின் மகள் கல்யாணம். பாயசத்தில் அடிப்பிடித்த வாசனை. பந்தியில் இருந்த நாங்கள் எல்லாம் ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, பீடா வாங்க எழுந்தோம். அவர் மட்டும் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். வம்பு வளர்க்கப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

பரிமாறியவர் சமைத்தவரைக் கை காட்டினார். சமைத்தவர் அடுப்பைக் கை காட்டினார். அடுப்பு வாடகைக்கு வந்ததாம், தீ ஒரு பக்கமாகவே எரிகிறதாம். போதாததற்குப் பால்காரர் தாமதமாக வந்தாராம். இவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "அதெல்லாம் சரிங்க. இந்தப் பாயசத்துக்கு ஆள் யாரு?" என்று மட்டும் கேட்டார். மறுபடியும் அடுப்பைப் பற்றிச் சொன்னார்கள். மறுபடியும் கேட்டார். கடைசியில், மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தலைமைச் சமையல்காரர் எழுந்து வந்தார். "நான்தாம்மா. கிளறச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்" என்றார்.

"அப்படியா, பரவால்லங்க. இன்னும் ஒரு டம்ளர் குடுங்க" என்றார் இவர். கொடுத்ததை வாங்கி, அடி வரைக்கும் குடித்தார். கருகிய பாயசத்தை ஒருவர் ரசித்துக் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதுதான் அவர். ஒரு தப்பு நடந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டால் கோபம் போய்விடும். தண்டனை வாங்கித் தருவதிலெல்லாம் அவருக்கு ஆர்வமே கிடையாது. முகம் தெரிந்தால் போதும். முகமே இல்லாத தப்பைத்தான் அவரால் சகித்துக்கொள்ள முடியாது. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கெட்டுப்போய் 'பழுது' என்று அட்டை தொங்கியபோது, அதன் கீழே 'யாரிடம் கேட்க வேண்டும்?' என்று எழுதிவிட்டுப் படியேறிப் போனவர். அட்டையில் மேனேஜரின் பெயரும் போன் நம்பரும் வரும்வரை தினமும் அதையே எழுதினார். பெயர் வந்த அன்று அந்த மேனேஜருக்குப் போன் போட்டு நன்றி சொன்னார். லிஃப்ட் அதற்குப் பிறகும் ஓடவில்லை, அது வேறு விஷயம்.

எல்லோரிடமும் பெயர் கேட்ட அந்தப் பெண்மணியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் இப்போது திருச்சியில் இல்லை, கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். கேட்காமல் எழுதுவது மரியாதை இல்லை. கேட்டால் என் கட்டுரையில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் ஆள் யார் என்று விசாரிப்பார். பின்னால் சொல்லப்போகிற வழக்கின் தீர்ப்பில் அவர் பெயர் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பாலக்கரைப் பக்கம் வீடு. மாதா கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரம். கணவர் இறந்து பல வருடங்கள். தொழில், வக்கீல். அதிலும் வாகன விபத்து வழக்குகள் மட்டும். பாதி வழக்கு அடிபட்டவர்களுக்காக, பாதி வழக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக. இரண்டு பக்கமும் எப்படி வாதாடுகிறீர்கள் என்று ஒரு முறை கிண்டலாகக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே கேள்விதானே கேக்குறேன்" என்றார். ஓட்டுவது ஒரு பழைய ஸ்கூட்டர். கார் ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் வாரத்திலேயே ஒரு இளநீர் வண்டியை உரசிவிட்டு, இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டு, சிதறிய இளநீரையெல்லாம் பொறுக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு, அதோடு கார் ஆசையை விட்டவர்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் போக்குவரத்துத் திட்டமிடுகிறவன். சாலையில் எங்கே கோடு போடுவது, எங்கே வண்டி நிற்பது, எங்கே மனிதர்கள் நடப்பது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நம்மூரில் வெள்ளைக் கோடு என்பது மேலே வண்டி நிறுத்துவதற்காகப் போடப்படுவது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் போடுகிறேன்.

எங்கள் இருவரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தது ஒரு தனியார் கம்பெனி. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற சின்ன மின்சார வண்டி அவர்களிடம் இருந்தது. ஸ்டீயரிங் கிடையாது, எதிரெதிராக இரண்டு பெஞ்சு, பெரிய கண்ணாடி. கொள்ளிடக் கரைப் பக்கம் கார்களையும் சுற்றுலா பஸ்களையும் நிறுத்திவிட்டு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வடக்குச் சித்திரை வீதியில் இறக்கிவிடும். ஸ்ரீரங்கத்துக்குள் கார் நெரிசல் குறையும் என்றார்கள். முதலில் சோதனை ஓட்டம், பிறகு நிரந்தரம். பாதையை வரைய நான், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்கிற விதிகளை எழுத அவர்.

நான் போட்ட முதல் வரைபடம் கம்பெனிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் கடைகளை உள்ளே தள்ளி, பூக்காரர்களை வேறு இடத்துக்கு மாற்றி, சைக்கிள் நிற்கக்கூடாது, மாடு வரக்கூடாது என்று சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன். அவர் என்னை வெயிலில் அந்தப் பாதை முழுக்க நடக்க வைத்தார். ஒவ்வொரு பூக்கூடை முன்னாலும் நின்று, "இவங்க எங்க போவாங்க, இன்ஜினியர்?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டிக்குக் குழப்பம் வராமல் இருக்க வேண்டுமே என்றேன். "வண்டிக்கு சரியா கண்ணு தெரியலன்னா வண்டிய மெதுவா போகச் சொல்லுங்க. தெருவ எதுக்குக் காலி பண்ணணும்?" என்றார். அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பூக்காரர்களை வரைபடத்தில் திரும்ப வைத்தேன். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அவர் சொன்னது நியாயம் என்பது படம் போடும்போதே தெரிந்துவிட்டது.

கம்பெனி மேலாளர் சென்னையிலிருந்து வருவார். நல்ல மனிதர்தான், ஆனால் எதிர்காலத்தைப் பற்றி மட்டுமே பேசுவார். இனிமேல் ஊருக்குள் வண்டி நிறுத்த இடமே வேண்டாம், ஆளை இறக்கிவிட்டு வண்டி தானாக எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். காலி வண்டி பொதுச் சாலையில் சும்மா சுற்றினால் அந்த நெரிசலுக்கு யார் வரி கட்டுவது என்று இவர் கேட்டார். மேலாளர் திரையில் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டார்.

அதே கூட்டத்தில் ஸ்ரீரங்கம் குடியிருப்போர் சார்பில் ஒரு பெரியவர் வந்திருந்தார். பன்னிரு திருமண் இட்ட வைஷ்ணவர். வண்டியின் மேல் அவருக்கு ஒரே பிரியம். "பெருமாள் தேருக்கு மாத்திரம் டிரைவர் இருக்கானா? எழுந்தருளிண்டு வரலையா? இதுவும் அப்படித்தான்னு நினைச்சுக்கோங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தோம். மேலாளர் அதை விளம்பரத்தில் போடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தேருக்கு முட்டுக்கட்டை போடுறவங்க இருக்காங்களே, சுவாமி. சக்கரத்துக்குப் பக்கத்துலயே உயிரக் குடுத்து ஓடுறாங்க. அவங்க யாரு, எந்த வீடுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார் இவர். "இந்த வண்டிக்குக் கட்டை போடுறது யாரு?"

பெரியவர், "அது கேக்க வேண்டிய கேள்விதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் விதி பிறந்தது. சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் ஒரு பொறுப்பாளர் உள்ளே இருக்க வேண்டும். வண்டியை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அவர் கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் பெயரை ஒரு அட்டையில் எழுதி முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். கம்பெனி முணுமுணுத்தது. டிரைவர் இல்லாத வண்டி என்று விளம்பரம் செய்துவிட்டு உள்ளே ஒருவரை உட்கார வைப்பதா என்றார்கள். ஆனால் இவர் விடவில்லை. அதற்காக ஓர் ஊழியரை நியமித்தார்கள். சில வாரங்கள் ஒழுங்காக ஓடியது.

முக்கிய விருந்தினர்கள் வந்த ஒரு காலையில்தான் எல்லாம் மாறியது. அவர்களை ஏற்றி ஒரு சுற்று காட்டுவதாக ஏற்பாடு. எதிர்பார்த்ததைவிட விருந்தினர்கள் அதிகம். இடம் போதவில்லை. அந்த ஊழியரை இறக்கிவிட்டார்கள். யார் இறக்கச் சொன்னது என்பது இன்றுவரை தெரியாது. கண்ணாடியிலிருந்து அவர் பெயர் அட்டையையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் உள்ளே இடம் ஒதுக்கியிருந்தும், இவர் வண்டியில் ஏறாமல் வெளியிலேயே நின்றார். "இந்த ரவுண்டுக்கு ஆள் யாரு?" என்றார். மேலாளர் கம்பெனிப் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். சும்மா ஒரு சுற்றுதானே மேடம், நேரமாகிறது என்றார்கள். ஏ.சி. இன்னும் ஓடாததால் உள்ளே விருந்தினர்கள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு அட்டையை எடுத்து, தன் பெயரை எழுதி, கண்ணாடியில் ஒட்டிவிட்டு, பொத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

உங்களுக்குக் கார் லைசென்ஸே கிடையாதே மேடம் என்று நான் காதோரம் சொன்னேன். ஒரு பொத்தானை அழுத்துவதற்கு லைசென்ஸ் எதற்கு என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சித்திரை வீதி திரும்புகிற இடத்தில் இடது பக்கம் ஒரு மாடு நின்றது. எங்கள் எல்லோருடைய கண்ணும் மாட்டின் மேல். வண்டி மாட்டை அழகாகக் கண்டுகொண்டது. மெதுவாக வலது பக்கம் ஒதுங்கியது. விருந்தினர்களில் ஒருவர் கை தட்டினார். வலது ஓரத்தில் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் வாழை இலைக் கட்டு, இரண்டு பக்கமும் அகலமாக நீட்டிக்கொண்டு. அதன் சொந்தக்காரர் குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சையை வண்டி சாலையோரச் செடி என்று நினைத்துக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். இவர் பொத்தானை அழுத்தினார். வண்டி நின்றது. ஆனால் அதற்குள் இலைக்கட்டை இழுத்துத் தள்ளிவிட்டது. அந்த மனிதர் கீழே, அவர் தொடை மேல் டி.வி.எஸ்.

கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் இவர்தான். அவர் பின்னால் நான். எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. விருந்தினர்கள் குளிர்ந்த காற்றில் உள்ளேயே இருந்தார்கள்.

நம்மூரில் விபத்து நடந்தால் நடப்பது எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் அடிபட்டவரைத் தூக்குவார்கள், நாற்பது பேர் டிரைவரைத் தேடுவார்கள். அன்றும் தேடினார்கள். முன்பக்கம் எட்டிப் பார்த்தால் சீட்டே இல்லை. "ஓடிட்டான்யா" என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு பேர் கொள்ளிடத்தை நோக்கி ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டோக்காரர் அடிபட்டவரைத் தூக்குவதற்காக ஓடி வந்தார். காக்கிச் சட்டை. அதைப் பார்த்ததும் கூட்டம் முடிவு செய்துவிட்டது. காலரைப் பிடித்துவிட்டார்கள். நான் ஆட்டோங்க, நான் ஆட்டோங்க என்று அவர் கதறியது யார் காதிலும் விழவில்லை. ஒரு அடியும் விழுந்துவிட்டது.

இவர் கூட்டத்துக்குள் புகுந்து அந்தக் கையைப் பிடித்தார். "அவர விடுங்க. இந்த வண்டிக்கு ஆள் நான்தான்."

கூட்டம் அவரை மேலும் கீழும் பார்த்தது. கண்ணாடி போட்ட, பருத்திப் புடவை கட்டிய, நரை விழுந்த அம்மா. பிடித்த கையை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "வண்டியில ஸ்டீயரிங்கே இல்லையேம்மா, நீங்க எப்படி?" என்று ஒருவர் சந்தேகம் கேட்டார்.

"அது இல்லாததாலதாங்க நான் இருக்கேன். பேரு கண்ணாடியில ஒட்டியிருக்கு, பாத்துக்குங்க. திட்டுறத அப்புறம் திட்டுங்க. இப்ப இவரத் தூக்குங்க."

அடி வாங்கிய அதே ஆட்டோக்காரர்தான் தன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அடிபட்டவரின் தலை இவர் மடியில் இருந்தது. தொடை எலும்பு முறிந்திருந்தது. அந்த மனிதர் திருவானைக்கோயில் பக்கத்தவர். தோட்டங்களில் இலை வாங்கி, ஓட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் போடுகிறவர். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம். கால் இல்லையென்றால் டி.வி.எஸ். இல்லை, டி.வி.எஸ். இல்லையென்றால் இலை இல்லை. இதையெல்லாம் அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் இவரிடம் அழுதுகொண்டே சொன்னார்.

மறுநாள் பேப்பரில் 'டிரைவர் தப்பி ஓட்டம்' என்று செய்தி வந்தது. பழக்க தோஷம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நிருபருக்குப் போன் போட்டு, நான் ஓடவில்லை, ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தன் பெயரைச் சொன்னார்.

உண்மையிலேயே ஸ்டேஷனில்தான் இருந்தார். இன்ஸ்பெக்டருக்குத் தர்மசங்கடம். டிரைவர் பெயர் இல்லாமல் இப்படி ஒரு வழக்கை அவர் எழுதியதே இல்லை. "மேடம், நீங்க வக்கீல். உங்க பேர நீங்களே குடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார். இவர் எழுதிக்கொள்ளச் சொன்னார். மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், பொத்தானை ஒரு நொடி தாமதமாக அழுத்தினேன் என்பதையும் அவரே சொன்னார். யாரும் கேட்கவில்லை. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்து சொன்னார்.

கம்பெனி சும்மா இருக்குமா? வண்டி எங்களுடையதே இல்லை, வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது என்றார்கள். அந்த நிறுவனம், வண்டியின் மூளை இன்னொருவர் செய்தது என்றது. மூளை செய்தவர்கள், எங்கள் இயந்திரம் ஒழுங்காகத்தான் இருந்தது, மாட்டைக் கண்டுபிடித்ததே சாட்சி, பொத்தான் பக்கத்தில் இருந்த மனிதர்தான் தாமதம் செய்துவிட்டார் என்றார்கள். மூன்று பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்: தப்பு அந்த அம்மாவுடையது. விதியை எழுதியவர் தலையிலேயே விதி விடிந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோர்ட் கேன்டீனில் வைத்து அவரைத் திட்டினேன். உங்களுக்கு என்ன தலையெழுத்து, அந்த அட்டையை ஒட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கு யாரும் உங்கள் பக்கம் திரும்பியே இருக்க மாட்டார்கள் என்றேன். அவர் பஜ்ஜியைப் பிட்டு எண்ணெயை ஒற்றிக்கொண்டே பொறுமையாக விளக்கினார்.

"இன்ஜினியர், டிரைவர் இல்லன்னு வெச்சுக்குங்க. அப்ப யாரோட கவனக்குறைவுன்னு இந்த மனுஷன்தான் நிரூபிக்கணும். மூளை செஞ்சவன் எந்த ஊர்ல இருக்கான்னு தேடி, அவனுக்கு நோட்டீஸ் அனுப்பி, அவன் வந்து, அவன் கம்ப்யூட்டர படிச்சு... இவரு கால் சரியாகுதோ இல்லையோ, ஆயுசு முடிஞ்சிடும். டிரைவர்னு ஒருத்தர் இருந்தா கதை வேற. டிரைவர் பண்ண தப்பு முதலாளி தப்பு. முதலாளி தப்புக்கு இன்சூரன்ஸ் குடுக்கணும். பழைய சட்டம், நேரா போகும்."

"அந்த டிரைவர் நீங்களா?"

"வேற யாரு இருக்கா?"

வழக்கு தீர்ப்பாயத்துக்கு வந்தது. அடிபட்டவருக்காக வேறொரு வக்கீல். முதல் எதிர்மனுதாரர் இவர். பெயரை மூன்று முறை கூப்பிட்டபோது, வக்கீல்கள் உட்காரும் பக்கத்தில் பழக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, அந்தப் பக்கம் போய்க் கூண்டில் ஏறினார். கறுப்புக் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்.

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். தாமதமாகத்தானே அழுத்தினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார். மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பாதையைப் பார்க்கவில்லை, அப்படித்தானே? ஆமாம். வண்டியை நிறுத்துகிற பொறுப்பு முழுக்க உங்கள் கையில்தான் இருந்தது, சரிதானே? சரிதான். ஒவ்வொரு 'ஆமாம்' வரும்போதும் அந்த வக்கீலின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவர் உட்காரப் போகும்போது நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு யாருக்காக அந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள்?

"இவங்களுக்காகத்தாங்க அய்யா. இவங்க வண்டி, இவங்க விருந்தாளிங்க, இவங்க வேலை" என்று கம்பெனி பக்கம் கையைக் காட்டினார்.

பாதி உட்கார்ந்த கம்பெனி வக்கீல் அப்படியே நின்றார். வண்டிக்கு டிரைவர் இருந்தார், தப்பு அவருடையது என்று அரை மணி நேரம் பாடுபட்டு நிரூபித்தது அவரேதான். டிரைவர் இருந்தால் முதலாளியும் இருக்க வேண்டும். கூண்டில் நின்றவர் வக்கீலைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. தாமதமாக அழுத்தியது உண்மையிலேயே அவர் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

இழப்பீடு கிடைத்தது. லைசென்ஸ் இல்லாதவரை உட்கார வைத்ததால் இன்சூரன்ஸ் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு. இவருக்குத் தனியாகப் போலீஸ் வழக்கில் அபராதம். கட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனிகள் இவருக்கு வழக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன, பாதித் தொழில் போனது. சோதனை ஓட்டமும் நின்றது. மகள் வந்து கூட்டிக்கொண்டு போனது அதற்குப் பிறகுதான். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை. அவர் சாட்சி சொன்ன அதே நாள் நடந்த இன்னொன்றுதான் வருகிறது.

இவர் கூண்டைவிட்டு இறங்கிய உடனே, பின் பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த இலைக்காரர் எழுந்தார். "அய்யா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. இலைக்கட்டு ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, ஓரமாக இன்னும் தள்ளி நிறுத்தியிருக்கலாம், அவசரத்தில் நிறுத்தவில்லை, அது என் தப்பு என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தது என்று நீதிபதி கேட்க, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்து அதைப் பதிவு செய்யச் சொன்னார். தன் பக்கமும் தப்பு இருக்கிறது என்று ஒருவர் ஒத்துக்கொண்டால் இழப்பீட்டில் ஒரு பங்கு போய்விடும்.

அப்படியே போனது. இந்த ஊரில் இலைக்கட்டு அப்படித்தான் போகும், அதைத் தெரிந்துகொண்டுதான் வண்டி விட வேண்டும் என்று வாதாடி, அந்தப் பங்கையும் பிறகு மேல்முறையீட்டில் வாங்கினார்கள். ஆனால் அன்றைக்கு யாருக்கு அது தெரியும்?

வெளியே வந்ததும் இலைக்காரரின் மனைவி இவரைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பாத்துத்தாங்க இவரு கெட்டுப்போனாரு. நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தாங்கும். நாங்க என்னங்க பண்ணுவோம்? ரெண்டு வார்த்தை பேசாம இருந்திருந்தா முழுசா வந்திருக்கும்ல?"

இலைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ சும்மா இரு. நம்ம காலுக்காக அந்தம்மா அங்க ஒண்டியா நிக்கிறாங்க. பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருக்கிறது?" என்றார்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பையில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. கிட்டே போனேன். கண்ணாடியைக் கழற்றியிருந்தார், முகம் முழுக்க நனைந்திருந்தது. பணத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து, அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம் மேடம் என்றேன்.

"பணத்துக்கு இல்ல, இன்ஜினியர்" என்றார். "நான் துருவித் துருவிக் கேட்டாத்தான் ஒவ்வொருத்தரும் வாயத் திறப்பாங்க. என் சர்வீஸ்ல, கேக்காம எழுந்து நின்னவரு இவரு ஒருத்தர்தான். அதுவும் யாரு பாருங்க. அடிபட்டவரு."

பிறகு கண்ணைத் துடைக்காமலே திரும்பி, இலைக்காரரின் மனைவி முன்னால் போய் நின்றார். அந்த அம்மா திட்டி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.